அல்-அஹ்ராம்: எகிப்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது எனக் காட்டும் நாளிதழ்

மேற்கு ஆசியா தொடர்பான செய்திகளில் 'எகிப்தின் அரசு நாளிதழான அல்-அஹ்ராம் தெரிவித்துள்ளது' என்ற வரி அடிக்கடி இடம்பெறுவதைக் காணலாம். சொல்லப்படும் தகவல் சரியா என்பதுடன், அதை இந்த நேரத்தில் வெளியிடச் செய்தவர் யார் என்பதையும் சேர்த்தே அந்த வரியைப் படிக்க வேண்டியுள்ளது. அதற்கான காரணம் நாளிதழின் வரலாற்றில் உள்ளது.

'பிரமிடுகள்' எனப் பொருள்படும் அல்-அஹ்ராம், தொடக்கத்தில் அரசு ஏடு அல்ல. லெபனானில் இருந்து சென்ற சலீம் தக்லா, பிஷாரா தக்லா சகோதரர்கள் 1875-ல் அலெக்சாண்டிரியாவில் இதை நிறுவினர். முதல் இதழ் 1876 ஆகஸ்ட் 5 அன்று வெளியானது. 1960-ல் அதிபர் கமால் அப்துல் நாசர் பத்திரிகைகளைத் தேசியமயமாக்கியபோது அதன் உரிமை ஆளுங்கட்சி அமைப்பின் கைக்கு மாறியது.

அப்போது ஆசிரியராக இருந்தவர் முகமது ஹசனைன் ஹெய்கல். 1957 முதல் 1974 வரை அப்பொறுப்பை வகித்த அவர், நாசரின் நெருங்கிய நண்பர். வெள்ளிக்கிழமைகளில் வெளியான 'வெளிப்படையாக' என்ற அவரது பத்தியை வாசகர்களைப் போலவே வெளிநாட்டுத் தூதரகங்களும் கூர்ந்து கவனித்தன. அதிபரின் மனதில் உள்ளதை முன்கூட்டியே அறிய வேறு வழி அதிகம் இருக்கவில்லை. 1967 போரில் ஏற்பட்ட தோல்விக்குப் பின் நாசர் ஆற்றிய பதவி விலகல் உரையை எழுதியவரும் ஹெய்கல்தான்.

அந்தச் செல்வாக்கு அதிபரின் நம்பிக்கை உள்ளவரை மட்டுமே நீடித்தது. நாசருக்குப் பின் வந்த அன்வர் சதாத்துடன் கருத்து வேறுபாடு முற்றியதால், 1974 பிப்ரவரியில் ஹெய்கல் நீக்கப்பட்டார். 1981-ல் சிறையிலும் அடைக்கப்பட்டார். ஆனாலும் அவர் காலத்து அல்-அஹ்ராமை வெறும் ஊதுகுழல் என ஒதுக்கிவிட முடியாது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நகிப் மஹ்ஃபூஸின் சர்ச்சைக்குரிய தொடர்கதையை, 1959-ல் மத அறிஞர்களின் எதிர்ப்பையும் மீறி முழுமையாக வெளியிட்ட ஏடு அது.

ஹோஸ்னி முபாரக் ஆட்சியின் இறுதிக் காலத்தில் நிலைமை கேலிக்குரியதானது. 2010 செப்டம்பரில் வாஷிங்டனில் நடந்த மேற்கு ஆசிய அமைதிப் பேச்சுவார்த்தையின்போது எடுக்கப்பட்ட படத்தில், அமெரிக்க அதிபர் ஒபாமா முன்னே நடக்க, முபாரக் பின்வரிசையில் வந்தார். அல்-அஹ்ராம் வெளியிட்ட படத்திலோ அனைவருக்கும் முன்னால் முபாரக் நடந்தார். திருத்தம் அம்பலமானதும், பாலஸ்தீனப் பிரச்சினையில் எகிப்தின் முதன்மைப் பங்கை உணர்த்தும் 'கருத்து வெளிப்பாட்டுப் படம்' அது என ஆசிரியர் ஒசாமா சராயா விளக்கமளித்தார்.

சில மாதங்களில் மக்கள் எழுச்சி வெடித்தது. தஹ்ரீர் சதுக்கத்தில் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்ட மறுநாள், 2011 பிப்ரவரி 3 அன்று, முபாரக்கை ஆதரித்து லட்சக்கணக்கானோர் திரண்டதாக அல்-அஹ்ராம் தலைப்பிட்டது. ஒன்பது நாள்கள் கழித்து, பிப்ரவரி 12 அன்று, 'மக்கள் ஆட்சியை வீழ்த்தினர்' என அறிவித்ததும் அதே முதல் பக்கம்தான்.

ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே இந்தத் திருப்பங்களைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். முபாரக் காலத்தில் அந்த அதிகாரம் நாடாளுமன்ற மேலவையான ஷூரா அவையிடம் இருந்தது. 2012-ல் அந்த அவையில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு பெரும்பான்மை பெற்றபோது, அரசு நாளிதழ்களுக்குப் புதிய ஆசிரியர்கள் வந்தனர். 2014 அரசியல் சாசனம் அந்த அவையை ஒழித்தது. தற்போது அப்பணியைத் தேசியப் பத்திரிகை ஆணையம் மேற்கொள்கிறது.

எனினும், நியமனத்தைவிட வலுவான அதிகாரமும் உண்டு என்பதை 2013 ஜூலை 3 காட்டியது. அதிபர் முகமது மோர்சியின் ஆட்சிக் காலத்தில் நியமிக்கப்பட்ட ஆசிரியரின் கீழ் வெளிவந்த அன்றைய அல்-அஹ்ராம், 'பதவி நீக்கம் அல்லது ராஜினாமா' எனத் தலைப்பிட்டிருந்தது. மோர்சி நீக்கப்பட்டதாக ராணுவத் தளபதி அப்துல் ஃபத்தா அல்-சிசி தொலைக்காட்சியில் அறிவித்தது அன்று இரவில்தான்.