தண்ணீர் ஊற்றினால் தீ வலுக்கும்: அரிய மண் காந்தப் பொடியைக் கையாள்வது எப்படி?

போனக்காடு (திருவனந்தபுரம்): மின்சார வாகனம், காற்றாலை, ஏவுகணை, கணினி ஆகியவற்றுக்குத் தேவையான அரிய மண் காந்தங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க ரூ.7,280 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பர் 26-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் உற்பத்தித் திறனை உருவாக்குவது இதன் இலக்கு. இந்தக் காந்தங்களின் மூலப்பொருளான நியோடிமியம்-இரும்பு-போரான் சேர்மம், பொடி நிலையில் காற்று பட்டாலே தீப்பற்றும் இயல்புடையது. எனவே புதிய ஆலைகள் வரும்போது, அதனைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையைத் தொழிலாளர்களும் தீயணைப்பு வீரர்களும் அறிந்திருப்பது இன்றியமையாததாகிறது.

மலையிலிருந்து மணலுக்கு

அகத்தியமலைப் பயணம் தொடங்கும் இடமாக அறியப்படும் போனக்காடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் அமைந்துள்ளது. இம்மலைத் தொடரின் பாறைகள் நெடுங்காலமாகச் சிதைந்து, ஆறுகளால் அடித்துச் செல்லப்பட்டு, கடல் அலைகளால் சலிக்கப்பட்டு, கேரளத்தின் சவறை, தமிழகத்தின் மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைகளில் கன கனிம மணலாகப் படிந்துள்ளன. அம்மணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமமே இந்தியாவின் முதன்மையான அரிய மண் ஆதாரம் ஆகும். நாட்டில் 1 கோடியே 31 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட மோனசைட் இருப்பதாகவும், அதில் 72 லட்சம் டன்னுக்கும் அதிகமான அரிய மண் ஆக்சைடுகள் அடங்கியுள்ளதாகவும் மத்திய அரசு தெரிவித்துள்ளது.

1950-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்., ஒடிசாவில் உள்ள ஆலையில் மோனசைட்டைப் பதப்படுத்துகிறது. அங்கு கிடைக்கும் அரிய மண் குளோரைடு, கேரளத்தின் ஆலுவாவில் உள்ள பிரிவில் தனித்தனித் தனிமங்களின் சேர்மங்களாகப் பிரிக்கப்படுகிறது.

நிலைக்கு நிலை மாறும் ஆபத்து

ஒரே தனிமம் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு வகை ஆபத்தைக் கொண்டுள்ளது. மணல் நிலையில் தீ அபாயம் இல்லை. ஆனால் மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிரியக்கக் கண்காணிப்பு தேவைப்படுகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையில் மட்டுமே அதனைக் கையாள முடியும்.

ஆக்சைடு நிலையில் நியோடிமியம் எரியாது. அந்த நிலையில் தூசியைச் சுவாசிக்காமல் இருப்பதே முக்கியம். அரிய மண் தூசியை நீண்டகாலம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் தூசி படியும் நோய் ஏற்பட்டது மருத்துவப் பதிவுகளில் உள்ளது.

ஆக்சைடு உலோகமாக மாற்றப்பட்டதும் நிலைமை மாறுகிறது. நியோடிமியம் உலோகம் காற்றில் வைத்தால் மங்கி, மேற்புறம் செதில் செதிலாக உதிரும். குளிர்ந்த நீருடன் மெதுவாகவும், சூடான நீருடன் விரைவாகவும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். இதனால்தான் இவ்வுலோகம் கனிம எண்ணெயில் மூழ்கவைத்தோ, ஆர்கான் வாயு நிரப்பிய கலனில் அடைத்தோ பாதுகாக்கப்படுகிறது.

பொடி ஏன் தீப்பற்றுகிறது?

நியோடிமியம்-இரும்பு-போரான் சேர்மம் 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்டது. இதிலிருந்து காந்தம் செய்ய, உலோகக் கலவையை உருக்கி மெல்லிய தகடுகளாக்குகின்றனர். பின்னர் அத்தகடுகளை ஹைட்ரஜன் வாயுவில் வைக்கின்றனர். ஹைட்ரஜனை உறிஞ்சும் தகடுகள் உப்பி, வெடித்து, தாமாகவே நொறுங்குகின்றன. நொறுங்கிய துண்டுகள் மந்த வாயு பாயும் அரவை இயந்திரத்தில் 3 முதல் 5 மைக்ரான் அளவுள்ள பொடியாக்கப்படுகின்றன.

1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 3 மைக்ரான் துகள்களாக உடைத்தால் பரப்பு 20,000 சதுர சென்டிமீட்டராக, அதாவது ஏறத்தாழ ஒரு கதவின் அளவுக்கு உயர்கிறது. அத்தனை பரப்பிலும் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் பாயும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றிப் பொடி தானாகவே எரியத் தொடங்குகிறது. சிகரெட் லைட்டரில் கல்லை உரசும்போது பறக்கும் பொறியும் இவ்வகைதான். அக்கல் சீரியம் முதலிய அரிய மண் உலோகங்களும் இரும்பும் கலந்த கலவையாகும்.

ஆலையில் பின்பற்ற வேண்டியவை

பொடியைக் காற்றிலிருந்து முழுமையாகப் பிரித்து வைப்பதே முதல் விதி. அரவை முதல் அச்சில் அழுத்துவது வரை அனைத்தும் நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பிய மூடிய அமைப்புக்குள் நடைபெற வேண்டும். அமைப்பில் உள்ள ஆக்சிஜன் அளவு இடைவிடாது அளவிடப்பட வேண்டும். அளவு உயர்ந்தால் இயந்திரம் தானாக நிற்கும் ஏற்பாடு தேவை.

நிலைமின்சாரப் பொறி தோன்றாதபடி இயந்திரங்கள், கலன்கள் அனைத்துக்கும் எர்த் இணைப்பு தரப்பட வேண்டும். பொறி எழுப்பாத கருவிகளையும், தீத்தடுப்பு ஆடைகளையும் பயன்படுத்த வேண்டும். சிந்திய பொடியை அழுத்தக் காற்றால் ஊதக் கூடாது. சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது. பொடி காற்றில் மேகமாக எழுந்தால், ஒரே பொறியில் தூசி வெடிப்பு நிகழலாம்.

ஹைட்ரஜன் பயன்படும் பகுதிக்குத் தனிக் கவனம் தேவை. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்தாலே ஹைட்ரஜன் எரியக்கூடியது. அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கசிவுணர் கருவிகளும் கூரை உயரத்தில் காற்றோட்டமும் இதற்காகவே அமைக்கப்படுகின்றன.

தண்ணீர் ஏன் கூடாது?

உலோகத் தீ 'டி' வகைத் தீ எனப்படுகிறது. எரியும் அரிய மண் பொடியில் தண்ணீர் பட்டால், உலோகம் நீரிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடுவிக்கிறது. அந்த ஹைட்ரஜனும் எரிகிறது. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும் பயன்தராது. கடும் வெப்பத்தில் உலோகம் அவ்வாயுவிலிருந்தும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மேலும், பீறிட்டு வரும் வாயு எரியும் பொடியைச் சிதறடிக்கும்.

'டி' வகைத் தீக்கான உப்புப் பொடி அல்லது நன்கு உலர்ந்த மணலை மெதுவாகக் கொட்டி, தீயை முழுவதுமாக மூடுவதே சரியான முறை. மூடிய பின்னும் உள்ளே வெப்பம் நீண்டநேரம் நீடிக்கும் என்பதால், குவியலைக் கிளறக் கூடாது. தீ பரவினால் பணியாளர்கள் வெளியேறி, எரிவது உலோகப் பொடி என்பதைத் தீயணைப்புத் துறையிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

கழிவிலும் கவனம்

அழுத்தி, ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றிக் கெட்டியாக்கிய காந்தம் அத்தகைய ஆபத்தற்றது. அதன் மேல் நிக்கல் பூச்சும் தரப்படுகிறது. ஆனால் அதனை அறுத்துத் தேய்க்கும்போது மீண்டும் நுண்துகள் உருவாகிறது. அந்தச் சேறு உலர்ந்தால் தானாகச் சூடேறி எரியக்கூடும் என்பதால் ஈரமாகவோ எண்ணெயிலோ வைக்கப்படுகிறது. அறை வெப்பத்தில் நீருடன் வினை மெதுவாகவே நிகழும். எனினும் சிறிதளவு ஹைட்ரஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே காற்றுப்போக்கி இல்லாத இறுக மூடிய டிரம்மில் இச்சேற்றை அடைத்து வைக்கக் கூடாது.

பொதுமக்களுக்கு

கணினி ஹார்டு டிஸ்க், ஒலிபெருக்கி, மின்சார ஸ்கூட்டர் மோட்டார் ஆகியவற்றில் இக்காந்தங்கள் உள்ளன. பழைய பொருட்களைப் பிரித்தெடுக்கும் கடைகளில் இவற்றை அறுப்பதோ, துளையிடுவதோ, கிரைண்டரில் தேய்ப்பதோ கூடாது. பழைய மின்னணுப் பொருட்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

விளையாட்டுப் பொருட்களில் உள்ள சிறு காந்தங்களைக் குழந்தைகள் ஒன்றுக்கு மேல் விழுங்கினால், அவை குடல் சுவரின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு துளை ஏற்படுத்தக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இக்காந்தங்களை மார்புக்கு அருகில் கொண்டு செல்லக் கூடாது.

இந்தியாவில் இதன் இணை வகையான சமாரியம்-கோபால்ட் காந்தங்களைத் தயாரிக்கும் ஐ.ஆர்.இ.எல். ஆலை விசாகப்பட்டினத்தில் 2023 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் ஆண்டு உற்பத்தித் திறன் 3,000 கிலோ. புதிய திட்டத்தின் இலக்கு அதைப் போல் 2,000 மடங்கு ஆகும்.