பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கிட்டார்: ஸ்கேலோடு கடைக்குப் போங்கள்

போன டிசம்பரில் ஒரு நாள் என் மகள் கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு, "அப்பா, எனக்கு இது வராதுப்பா" என்றாள். கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இடது கை விரல் நுனிகள் சிவந்து போயிருந்தன. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் நானும் இதையேதான் சொன்னேன். அந்தக் கிட்டார் ஹாஸ்டலில் ஒரு ஜூனியருக்குப் போனது. 'நமக்குச் சங்கீத ஞானம் கிடையாது' என்று இருபது வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மகளுடையது ஆன்லைனில் 3,800 ரூபாய்க்கு வாங்கியது. பை, பெல்ட், பிக், உபரியாக ஒரு செட் கம்பி எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய டூல் பாக்ஸில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இன்னும் இருக்கிறது. அன்று ராத்திரி அதை எடுத்துச் சும்மா அளந்து பார்த்தேன். 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி 4.5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இருக்க வேண்டியது 2.5-க்கு முன்பின். பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்பது புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் படித்ததையும், அளந்ததையும், கடை கடையாக ஏறி இறங்கியதையும் இங்கே குறித்து வைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், சின்ன பட்ஜெட்டில் மரம், பிராண்ட் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: கம்பியின் உயரம், சுருதி.

1. கம்பியின் உயரம்

இதைத்தான் 'ஆக்‌ஷன்' என்கிறார்கள். 12-வது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். தடித்த கம்பிக்குச் சுமார் 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்குச் சுமார் 2 மி.மீ. இருந்தால் நல்லது. 3 மி.மீ. தாண்டினால் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குக் கஷ்டம்தான்.

ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற விசை, '12' என்று சொல்கிற சாதாரண செட்டில் ஏறக்குறைய 70 கிலோ. அப்படி விறைத்து நிற்கிற கம்பியைத்தான் விரல் அழுத்துகிறது. உயரம் கூடக் கூட வலியும் கூடும். சிறு பிள்ளைகளுக்கு '10' செட் மாட்டினால் விசை கணிசமாகக் குறையும்.

நட் பக்கத்திலும் ஒரு சோதனை உண்டு. மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளி போதும். அதைவிட அதிகம் என்றால் நட் உயரமாக இருக்கிறது.

2. சுருதி

வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல் பதிந்திருக்கும். சுருதி விலகினால் மெட்டை எடுத்துத் திரும்பப் பதிக்கலாம். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயரே இருக்கிறது. கிட்டாரில் அந்தச் சலுகை இல்லை. ஃப்ரெட் எங்கே அடிக்கப்பட்டதோ அங்கேதான் கடைசிவரை. அதனால் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

கணக்கு சிம்பிள்தான். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மீதிக் கம்பியின் நீளம் 1.0595-ஆல் வகுபடும். 12 முறை வகுத்தால் சரியாகப் பாதி. நீளம் 634 மி.மீ. என்றால் நட்டிலிருந்து 317-வது மி.மீட்டரில் 12-வது ஃப்ரெட் இருக்க வேண்டும். அங்கிருந்து சேடில் வரை இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருக்கும். அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுவதைச் சரிக்கட்டத்தான் அப்படி வைக்கிறார்கள்.

கடையில் டேப் வைத்து அளக்கக் கூச்சமாக இருந்தால் போனில் ஒரு ட்யூனர் ஆப் போதும். கம்பியை வெறுமனே மீட்டிச் சுருதி சேருங்கள். பிறகு 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். ஒரு அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். ஐந்து சென்ட் விலகினால் பரவாயில்லை. என் மகளின் கிட்டாரில் சில கம்பிகள் 20 சென்ட்டுக்கு மேல் ஏறின. பாவம், சரியாக வாசித்தபோதும் அது தப்பாகத்தான் கேட்டிருக்கும்.

3. மரம்

'சாலிட் டாப்' என்றால் மேல்பலகை ஒரே மரத்தில் அறுத்தது. 'லாமினேட்' என்றால் ப்ளைவுட். துளையின் விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே தெரிகிற ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் சாலிட், அடுக்கு தெரிந்தால் ப்ளைவுட். ஒலிக்குச் சாலிட் நல்லது என்பது உண்மைதான். ஆனால் அது ஈரத்தை அதிகம் வாங்கும். ஐப்பசி மழையில் கதவே உப்பி மூட மறுக்கிற ஊர் நம்முடையது. மேல்பலகை உப்பினால் கம்பியும் உயரும். முதல் கிட்டாருக்கு நல்ல ப்ளைவுட்டே போதும் என்பது என் முடிவு.

நைலான் கம்பிக் கிட்டார் விரலுக்கு மென்மை. ஆனால் கழுத்து அகலம், சின்னக் கைக்குச் சிரமம். அதில் ஸ்டீல் கம்பியை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த விசைக்காகச் செய்யப்பட்டதில்லை அது, பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

4. எங்கே வாங்குவது

ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் சின்னக் கடைகள் இருக்கின்றன. நிறைய கிட்டார்களை ஒரே இடத்தில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணா சாலைக்குப் போகலாம். 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் அங்கேதான் இருக்கிறது. ரொம்பக் காலமாகச் சிபாரிசு செய்யப்படுவது யமஹா எஃப் 310. அது இந்தோனேசியாவில் தயாராவது. அதே கம்பெனிக்கு நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட்டில் தொழிற்சாலை இருக்கிறது. எஃப் 280 அங்கே தயாராகிறது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டில் போகிற தூரம்தான். கல்கத்தாவின் கிவ்சன் போன்ற பழைய இந்தியப் பெயர்களும் உண்டு. எந்தப் பெயராக இருந்தாலும் ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்து அளந்து பாருங்கள். ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

பழைய கிட்டாரும் நல்ல யோசனைதான். ஆசையாக வாங்கி இரண்டு மாதத்தில் பீரோ மேல் ஏற்றியவை நிறைய விற்பனைக்கு வருகின்றன. பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கியிருக்கிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

5. செட்டப்புக்கு ஆயிரம் ஒதுக்குங்கள்

பத்தாயிரம் கையில் இருந்தால் ஒன்பதாயிரத்துக்கு வாங்கி, மீதியில் ரிப்பேர் தெரிந்தவரிடம் செட்டப் செய்வதுதான் லாபம். 12-வது ஃப்ரெட் சரிபாதி இல்லையா, அங்கே 1 மி.மீ. குறைய சேடிலின் அடியில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். மகளின் பழைய கிட்டாரில் நான் அதைத்தான் முயன்றேன். தேய்க்க 2 மி.மீ. மட்டுமே மிச்சம் இருந்தது. 4.5 என்பது 3.5 ஆனது, அதற்கு மேல் வழியில்லை. கழுத்து ஒட்டிய கோணமே தப்பு.

கடைசியில் எஃப் 280 வாங்கினோம். கடைக்காரத் தம்பி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் ஸ்கேலை வைத்தேன். "சார், கிட்டாரை அளந்து வாங்குறவரை இப்பதான் பாக்குறேன்" என்று சிரித்தார். மூன்றாவது கிட்டாரில் 2.6 வந்தது. அதையே எடுத்துக்கொண்டோம்.

இப்போது சாயங்காலம் மகள் முடித்த பிறகு அரை மணி நேரம் எனக்கு. ஜி, சி, டி மூன்று கார்டும் வந்துவிட்டன. எஃப் கார்ட் மட்டும் இன்னும் வரவில்லை. அது கிட்டாரின் தப்பில்லை, அளந்து பார்த்துவிட்டேன்.