கூலியைக் குறைத்தால் இலாபம் கூடுமா?



கடல் கடந்து உழைக்கும் மகனுக்காகத் துஆச் செய்யும் பெற்றோர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பலர் உள்ளனர். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட இலங்கையர் தொழிலுக்காக வெளிநாடு சென்றனர். இத்தகையோரிடம் நீதியாக நடந்தால் கம்பனிக்கு நட்டமே என வணிகர் சிலர் கருதுகின்றனர். இது சரிதானா?

அல்குர்ஆனின் கஸஸ் அத்தியாயம் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் வரலாற்றைக் கூறுகின்றது. எகிப்திலிருந்து உயிர் தப்பி மத்யனை அடைந்த மூஸா (அலை) அவர்களே அத்தொழிலாளி. அவரைப் பணிக்கமர்த்திய பெரியவர், எட்டு வருடங்கள் கட்டாயம், பத்தாக்குவது அவரது விருப்பம் எனத் தவணையை முன்னரே தெளிவுபடுத்தினார். சிரமம் கொடுக்க நாடவில்லை எனவும் உறுதியளித்தார். கதியற்று வந்தவரின் நிலையை அவர் தமக்கு ஆதாயமாக்கவில்லை.

இதற்கு மாறாக நடந்தால் என்னவாகும்? மலேசியாவின் டொப் குளோவ், உலகின் மிகப்பெரும் இறப்பர் கையுறை உற்பத்தி நிறுவனம். நேபாளம், பங்களாதேஷ் முதலிய நாடுகளிலிருந்து வந்த அதன் தொழிலாளர் பலர், வேலை பெறுவதற்காக முகவர்களுக்குப் பெருந்தொகை கொடுத்துக் கடனாளிகளாக வந்திறங்கியவர்கள். கடன்பட்டவன் அநீதி கண்டாலும் வாய் திறக்க அஞ்சுவான். வேலையை விட்டுச் செல்லவும் இயலாது. 2020 ஜூலையில், கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காரணங்காட்டி, அதன் இரு துணை நிறுவனங்களின் பொருட்களை அமெரிக்கச் சுங்கம் தடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவவே, 28 தொழிற்சாலைகளைக் கட்டங்கட்டமாக மூட நேர்ந்தது. தொழிலாளருக்கு 3 கோடி டொலருக்கும் அதிகமாக வழங்கி, அவர்களது வாழ்விட வசதிகளையும் சீர்செய்த பின்னரே, 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. கையுறைக்காக உலகமே அலைந்த காலத்தில் அந்நிறுவனத்திற்கு நேர்ந்த கதி இது.

எனினும், அநீதியிழைத்தோர் அனைவரும் இவ்வுலகில் பிடிபடுவதில்லை. வேலையை முழுமையாக வாங்கிவிட்டுக் கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிப்பதை ஸஹீஹுல் புகாரி அறிவிக்கின்றது. குகையில் அகப்பட்ட மூவரின் வரலாற்றையும் நினைவிற் கொள்வோம். அவர்களில் ஒருவர், கூலி பெறாது சென்ற தொழிலாளியின் பங்கை மந்தைகளாகப் பெருக்கி, அவன் திரும்பி வந்தபோது முழுவதையும் ஒப்படைத்தார். அதில் அவருக்குப் பொருளிலாபம் ஒன்றுமில்லை. ஆயினும் பாறை வழியடைத்த வேளையில், அல்லாஹ்விடம் முன்வைக்க அந்த நீதி அவரிடம் இருந்தது.

பெற்றோரே, இளைஞர்களே! பணம் கொடுக்குமுன், முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். ஒப்பந்தத்தை விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். அத்தோடு, வெளியூரிலிருந்து வந்து நமது கடையிலும் வீட்டிலும் வேலை செய்வோருக்கு உரிய நாளில் சம்பளம் கிடைக்கின்றதா, அவர்களது அடையாள அட்டை அவர்களிடமே இருக்கின்றதா என்பதையும் பார்ப்போம். நம் பிள்ளைக்கு அங்கே வேண்டும் நீதியை, பிறர் பிள்ளைக்கு இங்கே நாம் மறுக்கலாமா?

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.