கிள்ளான் ஆற்றங்கரையில் ராஜா மஹாடி கோட்டை

கிள்ளான் நகரின் தென்கரையில், ஆற்றுக்குச் சற்று மேலே எழும் சிறு குன்றில் இருக்கிறது ராஜா மஹாடி கோட்டை. 1867 முதல் 1873 வரை சிலாங்கூர் மாநிலத்தையே புரட்டிப் போட்ட கிள்ளான் போர், இந்தக் கரை யார் கையில் இருப்பது என்ற சண்டையில்தான் தொடங்கியது. வேலூர்க் கோட்டையையும் செஞ்சிக் கோட்டையையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். கருங்கல் மதிலும் இல்லை, கொத்தளமும் இல்லை.

மலாய்க்காரர்களின் ஆற்றுக் கோட்டைகள் பெரும்பாலும் மண்ணாலும் மரத்தாலும் ஆனவை. கரையோரக் குன்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். சுற்றிலும் மண்ணைக் குவித்து அணைகட்டி, பருத்த மரங்களை நெருக்கமாக நட்டு வேலி எழுப்புவார்கள். இடைவெளிகளில் சிறு பீரங்கிகள் ஆற்றை நோக்கி வைக்கப்படும். இது போதுமா என்று கேட்கத் தோன்றும். தரைவழியே பெரும்படை வர முடியாத காட்டுநாட்டில் இது போதும். எதிரி வந்தாலும் வியாபாரி வந்தாலும் படகில்தான் வந்தாக வேண்டும். வருகிற படகு குண்டு பாயும் தூரத்திற்குள் கடந்தே தீர வேண்டும். பீரங்கி வைத்த டோல் சாவடி என்றே இதைச் சொல்லலாம். படை இருந்தது வரி வசூலுக்காக. வரி இருந்தவரைதான் படையும் இருந்தது.

கிள்ளானின் பெயர் இதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பே வரலாற்றில் அடிபடுகிறது. மலாக்கா சுல்தானகத்தின் புகழ்பெற்ற பெண்டஹாரா (முதலமைச்சர்) துன் பேராக், அந்தப் பதவிக்கு உயருமுன் கிள்ளானின் தலைவராக இருந்தவர். மலாக்காவுக்குப் போர் வீரர்களை அனுப்பச் சொன்னபோது அவர்களைக் குடும்பத்தோடு அழைத்துப் போனார் என்றும், மனைவி மக்கள் அருகில் இருந்தால் இன்னும் தீவிரமாகப் போரிடுவார்கள் என்று காரணம் சொன்னார் என்றும் மலாய் வரலாற்று நூல் கூறுகிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிள்ளானின் மதிப்பை ஏற்றியது வெள்ளீயம். அப்போது கிள்ளானை ஆண்டவர் ராஜா அப்துல்லா. சிலாங்கூர் சுல்தான் முகம்மது அவருக்குக் கொடுத்த அந்தப் பகுதி, அதற்கு முன் சுல்தானின் மகன் ராஜா சுலைமானிடம் இருந்தது. ராஜா சுலைமானின் மகன்தான் ராஜா மஹாடி. தந்தையின் சொத்து அடுத்தவர் கைக்குப் போனதை அவர் மறக்கவே இல்லை.

1857-இல் ராஜா அப்துல்லாவும் அவருடைய சகோதரர் லுக்குட் ராஜா ஜுமாட்டும் மலாக்கா வணிகர்கள் சீ யாம் சுவான், லிம் சே ஹோ ஆகியோரிடம் 30,000 வெள்ளி திரட்டினார்கள். அந்தப் பணத்தில் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் இடத்தில் இறங்கி, காட்டு வழியே அம்பாங் வரை போய் அவர்கள் ஈய லம்பம் திறந்தார்கள். ஒரு மாதத்திற்குள் 69 பேர் காய்ச்சலில் மாண்டுபோனார்கள். அடுத்தடுத்து ஆட்களை அனுப்பினார்கள். ஈயமும் வரத் தொடங்கியது. அவர்கள் கரையேறிய அந்தச் சங்கமத்தில் வளர்ந்த ஊர்தான் கோலாலம்பூர். வெட்டிய ஈயம் ஆற்றோடு கீழே வந்தது, அரிசியும் அபினும் மேலே போயின. இரண்டுக்கும் கிள்ளானில் வரி. ஈயத்தைச் சேர்த்து வைக்க ராஜா அப்துல்லா கட்டிய கிடங்கு, கெடோங் ராஜா அப்துல்லா என்ற பெயரில் இன்றும் ஆற்றோரம் நிற்கிறது.

போரின் பொறி சின்ன விஷயம். 1866-இல் ராஜா அப்துல்லா, வரி வசூலிக்கும் உரிமையை வில்லியம் ஹென்றி ரீட், தான் கிம் சிங் என்ற இரண்டு சிங்கப்பூர் வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். ராஜா மஹாடி அபின் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அரச குடும்பத்தவர் வரி கட்டுவதில்லை என்பது அவர் வாதம். குத்தகைக்காரர்களின் ஆட்கள் சலுகை தர மறுத்தார்கள். ராஜா அப்துல்லாவும் அவர்கள் பக்கமே நின்றார். இதே நேரத்தில் சுமத்ராவின் பத்து பாரா மக்களில் ஒருவர் ராஜா அப்துல்லாவின் பூகிஸ் ஆட்களில் ஒருவரால் கொல்லப்பட்டார். நியாயம் கேட்டுப் போன பத்து பாரா தலைவர் முகம்மது அக்கிப்புக்கு அது கிடைக்கவில்லை. வரியால் சினந்தவரும் கொலையால் சினந்தவர்களும் ஒன்று சேர்ந்தார்கள். 1867-இல் கிள்ளான் முற்றுகையிடப்பட்டு மஹாடி கைக்கு வந்தது. ராஜா அப்துல்லா மலாக்காவுக்குத் தப்பிப் போனார். கிள்ளானை மீட்காமலேயே காலமானார்.

மஹாடி நல்ல வீரர். ஆனால் கணக்கில் தவறினார். மாதந்தோறும் கிள்ளான் வருமானத்திலிருந்து, அப்போதைய சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட்டுக்குச் சேர வேண்டிய 500 வெள்ளியை மஹாடி நிறுத்திவிட்டார். சுல்தானின் மகள் ராஜா அர்ஃபாவுக்கும் மஹாடிக்கும் பேசியிருந்த திருமணம் முறிந்தது. அந்தப் பெண்ணை மணந்தவர் கெடா சுல்தானின் தம்பி தெங்கு கூடின். தமிழர்கள் முன்பு கடாரம் என்று அழைத்த கெடாவிலிருந்து வந்த இந்த மாப்பிள்ளையை 1868-இல் சுல்தான் தம் பிரதிநிதியாக நியமித்தார். அந்த நியமனம் எவ்வளவு அதிகாரம் தந்தது என்பதைப் பற்றியே பின்னர் ஒரு தகராறு மூண்டது.

அடுத்த முற்றுகையில் கோட்டையின் பலவீனம் தெரிந்தது. 1869-இல் ராஜா அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயில் திரும்பி வந்தார். அவர் நேரே குன்றின் மேல் பாயவில்லை. முதலில் ஆற்று முகத்திலிருந்த காவல் அரண்களைப் பிடித்தார். தெங்கு கூடினும் கெடாவிலிருந்து வந்த வீரர்களும் அவரோடு சேர்ந்தார்கள். ஆற்றின் வாய் அடைபட்டதும் அரிசியும் வெடிமருந்தும் மேலே வருவது நின்றது. படகுகளைத் தடுக்கக் கட்டிய கோட்டை, படகே வராதபோது என்ன செய்யும்? 1870 மார்ச் மாதம் மஹாடி கிள்ளானை விட்டு வெளியேறினார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் வடக்கே இன்னொரு கரையோரக் கோட்டையான கோல சிலாங்கூர். சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில் புக்கிட் மெலாவாத்தி குன்றின் மேலுள்ள அதை 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே அன்றைய சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் பகாங் படையின் துணையோடு அதை மீட்டார். மஹாடி தரப்பின் கையில் கோட்டை இருந்தபோது, 1871-இல், பினாங்கிலிருந்து புறப்பட்ட சீனப் பாய்மரக் கப்பல் ஒன்று கொள்ளையடிக்கப்பட்டு, அந்தக் கப்பல் கோல சிலாங்கூருக்குக் கொண்டுவரப்பட்டது. ஜூலையில் ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து கோட்டையின் மீது குண்டு பொழிந்தது. நீராவிக் கப்பலின் பீரங்கிக்கு மண் அணையும் மரவேலியும் ஈடுகொடுக்கவில்லை. ஆற்றங்கரைக் கோட்டைகளின் காலம் அன்றே முடிந்தது என்று சொல்லலாம்.

போர் அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. கோலாலம்பூரின் கப்பித்தான் (சீனர் தலைவர்) யாப் ஆ லோய் கூடின் பக்கம் நின்றார். 1872-இல் மஹாடியின் கூட்டாளி சையத் மஷ்ஹோர் கோலாலம்பூரைப் பிடித்தார். அங்கே காவலிருந்த கூடினின் படையில் ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவர்களும் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1873-இல் கூடினுக்குத் துணையாகப் பகாங் படை வந்து கோலாலம்பூரையும் பிறகு கோல சிலாங்கூரையும் மீட்க, போர் ஓய்ந்தது. லாபம் பிரிட்டிஷாருக்கு. 1874-இல் அவர்கள் சிலாங்கூர் விவகாரத்தில் நேரடியாகத் தலையிட்டார்கள். 1875-இல் டேவிட்சன் முதல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றார். மஹாடி 1882-இல் சிங்கப்பூரில் இறந்தார். கூடின் அதற்கு முன்பே சிலாங்கூரை விட்டுப் போயிருந்தார்.

மாநிலத் தலைநகர் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போனது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. பிறகு ஆற்றின் மேல் பாலம் வந்தது. 1901-இல் முகத்துவாரத்தில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். திறந்த சில மாதங்களில் மலேரியா அங்கே வேலை செய்தவர்களை வாரிக்கொண்டு போக, துறைமுகத்தையே மூட வேண்டிய நிலை வந்தது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்த பின்பே அது பிழைத்தது. அம்பாங்கில் 69 பேரைக் கொன்றதும் பெரும்பாலும் இதே காய்ச்சல்தான். ஈயம் தண்டவாளத்தில் போகத் தொடங்கியதும், ஆற்று வளைவில் உட்கார்ந்து வரி கேட்க எவருக்கும் காரணம் இல்லாமல் போனது.

கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது நுழைவாயிலும் மண்மேடும்தான். கெடோங் ராஜா அப்துல்லா போலீஸ் நிலையமாகவும் பிறகு ஈயக் காட்சியகமாகவும் இருந்து, சிலாங்கூரின் பழைய கட்டடங்களில் ஒன்றாக நிற்கிறது. இரண்டும் தெங்கு கெலானா சாலையின் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தீபாவளிக்குத் துணி எடுக்கவும் பலகாரம் வாங்கவும் கிள்ளானுக்கு வருகிறவர்கள், பை தூக்கிய கையோடு அரைமணி நேரம் ஒதுக்கினால் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.