விழப்போகிற பல்தானே?

“விழப்போற பல்லுத்தானே, விடுங்கோ.” பிள்ளையின் சூத்தைப் பல்லைக் காட்டினால் எம்மவரிடம் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுவது உண்மை. ஆனால் பின்னாலுள்ள கொடுப்புப் பற்கள் விழ 10 முதல் 12 வயது வரை செல்லும். மூன்று வயதில் சூத்தை பிடித்தால், அந்தப் பல்லோடு பிள்ளை ஏழெட்டு வருடம் சப்பிச் சாப்பிடவேண்டும், நித்திரை கொள்ளவேண்டும். கீழே வளரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் இந்தப் பாற்பல்தான்.

இதற்காகத் தாய்மாரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஊரை விட்டு வந்து கொட்டிலில் இருக்கும்போது, தறப்பாளுக்கு அப்பால் அயல் குடும்பம் படுத்திருக்கிறது. பிள்ளை அழுதால் எல்லோருக்கும் நித்திரை கெடும். சீனி போட்ட பாலையோ தேநீரையோ போத்திலில் ஊற்றிக் கொடுத்தால் அழுகை நிற்கும். ஆனால் நித்திரையில் உமிழ்நீர் குறைவு. சீனி பல்லிலேயே கிடக்க, கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. மேல் முன்பற்களே முதலில் பழுதாகும். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக் காக்கும்.

மாதம் ஒருமுறை பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசோரம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே தொடக்கம். துளை விழுமுன் அதை நிறுத்தலாம். இரவுப் போத்திலில் சீனியை நாளுக்கு நாள் குறைத்து, கடைசியில் கொதித்தாறிய தண்ணீர் மட்டும் கொடுங்கள். புளோரைட்டுப் பற்பசையை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவும், அதற்கு மேல் பட்டாணியளவும் எடுத்துக் காலையும் இரவும் நீங்களே தீட்டிவிடுங்கள்.

துளை விழுந்துவிட்டால் பிடுங்குவது மட்டுமே வழி என்றில்லை. மின்சாரமும் இயந்திரமும் இல்லாமலே பல் அடைக்கும் முறை ஒன்று 1980களில் தன்சானியாவில் உருவானது; 1994 இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஆதரவளித்தது. சிறிய கைக்கருவியால் இளகிய சூத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லில் தானாக ஒட்டும் கிளாஸ் அயனோமர் என்ற சாந்தை விரலால் அழுத்தி அடைப்பார்கள். ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. சூத்தை நரம்பை எட்டியிருந்தால் மட்டும் இது உதவாது.

வாய் திறக்க மறுக்கும் சின்னப் பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. சில்வர் டயமின் புளோரைட்டு என்ற திரவத்தைத் தடவிச் சூத்தை பரவாமல் தடுக்கலாம். தடவிய இடம் கறுக்கும். அதைக் கண்டு பயப்படவேண்டாம். இவ்விரண்டும் 2021 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. அரச வைத்தியசாலையின் பற்பிரிவிலோ பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலோ இவை உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

பல்வலிக்கு அஸ்பிரினை முரசில் வைத்து அடக்காதீர்கள். அது சதையைப் பொசுக்கும், சிறுபிள்ளைக்கு அஸ்பிரின் ஆகவும் ஆகாது. முரசில் சீழ்க் கொப்புளம் கண்டால் தாமதிக்காமல் காட்டுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது பிள்ளை விழுங்கக் கஷ்டப்பட்டால், விடியும்வரை காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.