போட்டோ இருக்கு… ஆனா எங்கே இருக்கு?



பாடப்புத்தகத்தில் ஒரு பறவைப் படம் வருகிறது. வங்கி விளம்பரத்தில் ஒரு விவசாயி சிரிக்கிறார். காலண்டரில் ஒரு கோட்டை. இந்தப் படங்களுக்காகப் புத்தகக்காரர்கள் கேமராமேனை அனுப்பினார்களா? பெரும்பாலும் இல்லை. யாரோ முன்பே எடுத்து இருப்பு வைத்திருந்த படத்தை, இன்ன வேலைக்கு இவ்வளவு காசு என்று பேசி வாங்கியிருப்பார்கள். இதற்குப் பெயர்தான் ஸ்டாக் போட்டோ. மளிகைக் கடையில் அரிசி ஸ்டாக் இருப்பது போல இவர்களிடம் படம் ஸ்டாக். ஒரு வித்தியாசம், அரிசி விற்றால் தீர்ந்துவிடும், படம் தீராது. ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம். ஆனால் தொலைத்துவிட்டால் ஒருவருக்கும் விற்க முடியாது!

எங்கள் சித்தப்பா விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்துதான் சோறு போடுகிற தொழில். ஆனால் மனசெல்லாம் மரக்காணம் உப்பளத்திலும், கழுவேலி ஏரிப் பறவைகளிடமும், செஞ்சிக் கோட்டையிலும்தான். அந்தப் படங்களை ஸ்டாக் போட்டோவாக விற்கிறார். லீவு நாட்களில் திண்டிவனத்திலிருந்து நான் போய், ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் வேலை செய்கிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு செல்போனில் இருக்கும் 5,000 போட்டோவுக்கும் இதே விஷயம்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிராவில். தமிழ்நாட்டிலிருந்து ஒன்றே ஒன்று, நம்ம செஞ்சி! உடனே ஒரு பதிப்பகத்திலிருந்து சித்தப்பாவுக்குப் போன். கல்யாண மகால், மழை மேகத்தோடு, நெட்டு வாக்கில் ஒரு படம், மறுநாள் மதியத்துக்குள் வேண்டும். சித்தப்பாவிடம் அந்தப் படம் இருந்தது. எங்கே? கம்ப்யூட்டரைத் திறந்தால் ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 2’, ‘நியூ ஃபோல்டர் 3’ என்று வரிசையாக 14! உள்ளே ‘டிஎஸ்சி 0412’ மாதிரிப் பெயரோடு 4,000 படங்கள். கிடைத்தது, இரண்டு நாள் கழித்து. அதற்குள் வேறு ஒருவர் படத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். "இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடுச்சு பாருடா"ன்னார் சித்தப்பா. அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பெயர் வைக்க ஆரம்பித்தோம்.

பெயர் வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் தேதியை 19-10-2025 என்று எழுதுவோம். கம்ப்யூட்டருக்கு இது ஆகாது. அது முதல் எழுத்திலிருந்துதான் வரிசைப்படுத்தும். அதனால் எல்லா மாதத்து 19-ஆம் தேதியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும், பொங்கல் படமும் தீபாவளிப் படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆண்டை முன்னால் போட்டுப் பாருங்கள்: 2025-10-19-செஞ்சி-ராஜகிரி. இப்போது தானாகவே நாள் வரிசையில் வந்துவிடும். மாதம் ஒற்றை இலக்கமானால் முன்னால் பூஜ்யம் போட மறக்கக் கூடாது. ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. சில பழைய டிவி, பிரிண்டர் எல்லாம் தமிழ் எழுத்தைப் பார்த்தால் கட்டம் கட்டமாகக் காட்டுகின்றன.

கேமரா கொடுத்த பெயரை ஏன் அப்படியே விடக் கூடாது? பெரும்பாலான கேமராக்கள் 9999 வரைதான் எண்ணும். அப்புறம் மறுபடி 0001. ஆக, ஒரே பெயரில் இரண்டு படம்! ஒரே ஃபோல்டருக்குள் போடும்போது கம்ப்யூட்டர் "பழையதை மாற்றவா?" என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று அமுக்கினால் பழையது போச்சு.

ஃபைல் பெயர் மட்டும் போதாது. படத்துக்கு உள்ளேயே குறிப்பு எழுதி வைக்க இடம் உண்டு. எந்த ஊர், எந்த நாள், என்ன, யார் என்று நாலு வரி. டிஜிகேம் என்கிற இலவச மென்பொருளில் செய்யலாம். படத்தை யாருக்குக் கொடுத்தாலும் குறிப்பும் கூடவே போகும். இன்றைக்கு நமக்குத் தெரியும், இது ராஜகிரி, அது கிருஷ்ணகிரி என்று. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் எல்லாம் பாறை மேல் பாறை!

இந்த நாலு வரியின் மதிப்பு என்ன என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், எந்த ஊர், எந்தக் கோயில், எப்போது எடுத்தது என்ற விவரத்தோடு! அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து நடராஜர் சிலை திருடு போனது. அது கடல் தாண்டி, 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. அது நம் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? 1994-இல் இந்த நிறுவனம் எடுத்து வைத்திருந்த படம் கை கொடுத்தது. சிலையையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார். விருத்தாசலம் கோயில் அர்த்தநாரீஸ்வரரும் கூடவே வந்தார். அந்தப் படத்தின் மேல் ஊர்ப் பெயர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ நடராஜர்களில் இவரும் ஒருவர், அவ்வளவுதான்.

சரி, பெயர் வைத்தாயிற்று. இனி காப்பாற்றுவது எப்படி?

முதல் ஆபத்து கார்டிலேயே ஆரம்பிக்கிறது. கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது நம்மில் பாதிப் பேர் கட் பண்ணி பேஸ்ட் பண்ணுவோம். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? "டேய், கட் பண்ணாதடா, காப்பி பண்ணு!" – சித்தப்பா என்னிடம் அதிகம் சொன்ன வசனம் இதுதான். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல், மொத்தம் எத்தனை ஜிபி என்று சரி பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில் பிரதி ஏறிய பிறகே கார்டை அழிக்கலாம். தவறி அழிந்துவிட்டாலும் பதற வேண்டாம். அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் அப்படியே வெளியே எடுத்து வையுங்கள். மேலே புதுசு எழுதாத வரை, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது 3-2-1 கணக்கு. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் 2005-இல் எழுதிய புத்தகத்தால் பரவியது இது. 3 பிரதி, 2 விதமான சாதனம், அதில் 1 வேறு இடத்தில். கேட்கச் சுலபம். ஆனால் எல்லோரும் கோட்டை விடுவது அந்த கடைசி 1-இல்தான்.

ஜாக் லோ என்று ஒருவர், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் புகைப்படக்காரர். அவர் எடுத்த 40,000-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் பத்திரமாக ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்தன. தீயில்லை, திருடன் இல்லை. அந்தப் பெட்டகம் இருந்த இடம் நியூயார்க்கின் உலக வர்த்தக மையம்! 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி எல்லாம் போயிற்று. வேறு இடத்தில் வைத்திருந்த கான்டாக்ட் ஷீட், அதாவது சின்னச் சின்ன மாதிரிப் பிரதிகள் மட்டும் பிழைத்தன. பிற்பாடு அவற்றிலிருந்துதான் பல படங்களை மீட்டெடுத்தார்கள். உலகத்திலேயே பலமான பெட்டியாக இருந்தாலும், இடம் ஒன்றுதானே?

நியூயார்க் வரை ஏன் போக வேண்டும்? 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நம்மால் மறக்க முடியுமா! நம்ம மயிலத்தில் 51 செ.மீ. மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பொங்கி நெடுஞ்சாலையில் ஏறியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டு ரயிலும் நின்றது. அந்த வெள்ளத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்த இன்னொரு ஸ்டுடியோவுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே பேக்கப் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்! ஆனால் இரண்டும் கம்ப்யூட்டர் மேஜையின் கீழ் டிராயரில். மூன்றும் சேர்ந்து நனைந்தன. பொங்கலுக்கு முன்னால் ஒரு அண்ணன் வந்து, அவர் கல்யாணத்தில் எடுத்த அப்பா படத்தைக் கேட்டாராம். அப்பா அந்த மாதம்தான் இறந்திருந்தார். மாலை போட ஒரு நல்ல படம் வேண்டும். ஸ்டுடியோக்காரர் பதில் சொல்ல முடியாமல் நின்றதைச் சித்தப்பா என்னிடம் சொன்னபோது குரலே மாறிவிட்டது.

(நனைந்த டிஸ்க்கைக் காய வைத்துவிட்டோம் என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்காதீர்கள். அரிசி மூட்டையில் புதைப்பதும் பயனில்லை. கரண்ட் கொடுக்காமல் அப்படியே மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டும்.)

இப்போது சித்தப்பா செய்கிற ஏற்பாடு இது. ஒன்று விழுப்புரம் ஸ்டுடியோவில், தரையில் இல்லை, பரணில். இன்னொன்று திண்டிவனத்தில் எங்கள் வீட்டு பீரோவில். அதற்குக் காவல்காரன் நான்! தீ, திருட்டு, இடி, இவற்றுக்கு இந்த 40 கிலோமீட்டர் போதும். புயலுக்குப் போதாது. ஃபெஞ்சல் இரண்டு ஊரையும் ஒரே நாளில்தான் அடித்தது. அதனால் மூன்றாவது டிஸ்க் கோயம்புத்தூரில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவை யாராவது போகும்போது மாற்றிக்கொண்டு வருவார்கள். டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைப்பதும் தப்பு. இடி இறங்கினால் கம்ப்யூட்டரோடு அதுவும் போகும், வைரஸ் வந்தால் அதற்கும் பரவும்.

"கூகுள் போட்டோஸ் இருக்கே, அது போதாதா?" என்று என் வகுப்பில் எல்லோரும் கேட்கிறார்கள். நல்லதுதான், ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இலவச இடம் 15 ஜிபிதான், அதுவும் மெயிலோடு சேர்த்து. நல்ல கேமராவின் ரா ஃபைல் ஒன்று சுமார் 30 எம்பி. ஒரு கல்யாணத்தில் 400 படம் என்றால் 12 ஜிபி. ஒரு கல்யாணத்திலேயே இலவசம் காலி! இரண்டாவது, போனில் அந்த ஆப்பில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். அது போனைப் பார்த்து முகம் காட்டும் கண்ணாடி மாதிரி. மூன்றாவது, இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்கை அவர்கள் நீக்கலாம். அதனால் சித்தப்பா எல்லாவற்றையும் ஏற்றுவதில்லை. 400-இல் தேறியது 40 என்றால் அந்த 40 மட்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் அது பேக்கப் ஆகிவிடாது. வழக்கமாக அனுப்பும்போது படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் காணாமல் போகும். ஸ்டாக் போட்டோ வாங்கும் பெரிய நிறுவனங்கள் குறைந்தது 4 மெகாபிக்சல் கேட்கின்றன. சுருங்கிய படம் 2 மெகாபிக்சல்கூடத் தேறாது. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கடைசி வேலை, யாருமே செய்யாத வேலை: பேக்கப் திறக்கிறதா என்று பார்ப்பது. 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாரித்தபோது யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப்பை எடுத்தால் அது பல நாளாகச் சரியாகப் பதிவாகவே இல்லை! கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மன் என்ற அம்மாவின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதனால் படம் பிழைத்தது. நாங்கள் பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் எல்லா டிஸ்க்கையும் செருகி, இங்கொன்றும் அங்கொன்றுமாக இருபது படம் திறந்து பார்க்கிறோம். பிறகு டிஸ்க் மேல் ஒட்டிய சீட்டில் பார்த்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

நம் பள்ளியில் இருந்து செஞ்சிக்குச் சுற்றுலா போனபோது எடுத்த படங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பல போன்களில் கிடக்கின்றன. கம்ப்யூட்டர் ஆசிரியர் அனுமதி கொடுத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் அறைக்கு வீட்டுப் போனையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடவே குரூப் போட்டோவில் இடமிருந்து வலமாக யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள், பட்டப் பெயர் வேண்டாம்!