பிளக் பாயின்ட் இல்லாத ராத்திரி

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ் என்று வீடாகவே மாற்றிக்கொள்ளும் ஆசை இப்போது பல குடும்பங்களுக்கு வந்திருக்கிறது. அருமையான ஆசை. திருச்சி தில்லை நகரிலிருந்து விடியற்காலை கிளம்பினால் காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் ராமேஸ்வரம் போய்விடலாம். அங்கிருந்து கடற்கரையை ஒட்டியே கன்னியாகுமரி வரைக்கும் போகலாம். லாட்ஜ் தேட வேண்டியதில்லை, நேரத்துக்கு ரூமைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் முதல் ராத்திரியே ஒரு கேள்வி வந்து நிற்கும். ஃபேன் ஓடக் கரண்ட் எங்கே?

ஐரோப்பிய நாடுகளில் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே முகாம்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே மின் இணைப்புப் பெட்டி இருக்கும். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பார்க் திறந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் பயணம் இடம்பிடித்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் நம் வண்டி ராத்திரி நிற்கப்போவது கோயில் வண்டி நிறுத்துமிடத்திலோ, பெட்ரோல் பங்க் ஓரத்திலோ, ஆற்றங்கரைப் புளியமரத்தடியிலோதான். ஷூட்டிங் கேரவன்களைப் போல டீசல் ஜெனரேட்டர் ஓட்டலாமே என்பார்கள். ராத்திரி முழுக்க அந்தச் சத்தமும் புகையும் நமக்கும் ஆகாது, பக்கத்து வண்டியில் தூங்குகிறவர்களுக்கும் ஆகாது. மூடிய வண்டிக்கு அருகில் ஜெனரேட்டர் புகை உயிருக்கே ஆபத்து. ஆகவே பேட்டரிதான் வழி.

திருச்சிக்காரர்களுக்குப் பேட்டரியோடு குடித்தனம் நடத்துவது புதிதல்ல. 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் எத்தனை! ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்பும் திருவெறும்பூர் பெல் ஆலை இருக்கிற ஊரே விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தது. தில்லை நகர் கிராஸ் தெருக்களில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அந்தக் காலத்தில்தான். எந்த சுவிட்சைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டதும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்துவிடும். அம்மா ஆட்டுக்கல்லைத் தேடிப் போவார்.

அப்போது பலரும் கவனித்த ஒன்று உண்டு. நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டிய பேட்டரிகள் இரண்டே ஆண்டில் படுத்துவிட்டன. ரொம்பப் பயன்படுத்தியதால் போய்விட்டது என்று சொன்னோம். உண்மைக் காரணம் வேறு. ஈய அமில பேட்டரியில் முதல் எண்பது சதவீதம் சார்ஜ் வேகமாக ஏறும். கடைசி இருபது சதவீதம் ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரமே கரண்ட் வந்தால் அந்தக் கடைசிப் பகுதி ஏறவே ஏறாது. அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். அதன் கொள்ளளவு நாளுக்கு நாள் சுருங்கும். வண்டி வீட்டிலும் இதேதான் நடக்கிறது. தினம் கொஞ்சம் ஓட்டி, கொஞ்சம் வெயில் வாங்கி, எப்போதும் பாதியிலேயே வைத்திருந்தால் விலை உயர்ந்த ஈய அமில பேட்டரியும் சீக்கிரம் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறையாவது அதை முழுதாக நிரப்ப வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பேனல் எத்தனை வாட் என்று கடையில் கேட்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் 20 வாட் ஃபேன் இரண்டு, ராத்திரி பத்து மணி நேரம்: 400 வாட் மணி. நான்கு எல்இடி விளக்குகள் ஐந்து மணி நேரம்: 100. நம் வெயிலில் கம்ப்ரஸர் வைத்த சின்ன ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 600 வரை குடிக்கும். செல்போன்கள், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து 100. ஆக மொத்தம் 1,200, அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குள் அடங்கிவிடும். சமையலை கேஸுக்கு விட்டுவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே கிட்டத்தட்ட 200 வாட் மணி ஆகும். அதில் ஒரு ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும். இட்லி மாவை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொண்டு போகலாம். மிக்ஸி மூன்று நிமிடம் ஓடினால் செலவு சொற்பம்தான். ஆனால் அந்த நேரத்துக்கு அது இழுக்கும் வேகம் அதிகம், அதற்கேற்ற இன்வெர்ட்டர் வேண்டும்.

ஏசி இந்தக் கணக்குக்குள் வராது. ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கேட்கும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு மற்ற எல்லாச் செலவையும் போல ஆறு மடங்குக்கு மேல். ஏசி இல்லாமல் முடியாது என்கிறவர்கள் சித்திரையில் கொடைக்கானலுக்கோ கொல்லிமலைக்கோ வண்டியைத் திருப்புவது நல்லது.

வரவுப் பக்கத்தைப் புரிந்துகொள்ள நம் ஊரிலேயே ஒரு நல்ல பாடசாலை இருக்கிறது. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை அது. ரயில் பெட்டி என்பது மின்கம்பத்தோடு ஒட்டாமல் ஊர் ஊராகப் போகும் வீடுதானே? பழைய பாணி ஏசி இல்லாத பெட்டிகளைக் குனிந்து பார்த்தால், சக்கர அச்சிலிருந்து பெல்ட் ஒன்று ஓடி 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது தெரியும். அது 110 வோல்ட் பேட்டரி வரிசைக்குச் சார்ஜ் ஏற்றும். வண்டி ஓரளவு வேகம் எடுத்தால்தான் மின்சாரம் பிறக்கும். நின்றுவிட்டால் விளக்கும் ஃபேனும் பேட்டரியிலிருந்து ஓடும். ஏதோ ஒரு சிறு ஸ்டேஷனில் ரயில் நெடுநேரம் நின்றபோது விளக்குகள் மங்கி, ஃபேன் தளர்ந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம்.

வண்டி வீட்டுக்கும் ஆல்டர்னேட்டரே பெரிய வரவு. எஞ்சின் ஓடும்போது, வீட்டு பேட்டரிக்கென்று தனியாக 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று இருந்தால், மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். ராமேஸ்வரம் போய்ச் சேரும்போது அன்றைய ராத்திரிச் செலவு கையில் இருக்கும். இடையில் சார்ஜர் இல்லாமல் லித்தியம் பேட்டரியை நேரே ஆல்டர்னேட்டரில் இணைப்பது தப்பு. அது கிடைத்த கரண்டையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

கூரைப் பேனல் இரண்டாம் வரவு. நம் மாவட்டத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும் என்பது பொதுக் கணக்கு. 400 வாட்டுக்கு ஒன்றரை. ஆனால் பேனலில் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரிக்கு அளந்தது. சித்திரை வெயிலில் வண்டிக் கூரையில் அது 65 டிகிரி சூடேறினால் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றுப் போக மூன்று விரல் இடைவெளி விடுவது இதற்காகத்தான். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் பாதிகூட வராத நாட்கள் உண்டு. இதைவிடப் பெரிய சங்கடம் நிழல். பேனலுக்கு வெயில் வேண்டும், நமக்கோ மரத்தடி வேண்டும். மடித்து வைக்கும் பேனல் ஒன்றை எடுத்துக்கொண்டு, வண்டியை வேப்பமரத்தடியில் விட்டு, பேனலை வெயிலில் விரிப்பவர்களே கெட்டிக்காரர்கள். ஒயர் மட்டும் கனமாக இருக்கட்டும். பத்து மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு 10 ஆம்பியர் இழுத்தால், போக வர ஒன்றேகால் வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும்.

பேட்டரி வாங்கும்போது எடையையும் பாருங்கள். 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவைத் தாண்டும்; அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 900 வாட் மணி. 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு கிலோ அளவில் 1,000 வாட் மணிக்கு மேல் தரும். விலை அதிகம்தான், ஆனாலும் வண்டிக்கு நான் அதையே சொல்வேன். எதை வாங்கினாலும் சூடு அதற்கு எமன். ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பார்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும், ஆகவே படுக்கைக்கு அடியில் மூடி வைக்காதீர்கள். பேட்டரியின் வாயிலேயே ஃப்யூஸ் போடுங்கள். 12 வோல்ட்டில் 1,000 வாட் இன்வெர்ட்டர் நூறு ஆம்பியர் வரை இழுக்கும். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் வண்டி எரிய அரை நிமிடம் போதும்.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு மாறாக, தயாரிப்பாளர் வடிவமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தர விதி இருக்கிறது. பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஈய அமில பேட்டரிக்கு வாரத்துக்கு ஒரு முழுச் சார்ஜ் வேண்டும் என்ற தேவை மிஞ்சுகிறது. நான்கு நாள் மேகமூட்டம் வந்தால் எந்த பேட்டரிக்கும் வெளி இணைப்பைத் தவிர வேறு வழியே இல்லை. அதற்கு மின்சாரக் கார்களுக்காக வரும் வசதி கைகொடுக்கும். சாதாரண 15 ஆம்பியர் பாயின்ட் ஒன்று 3.3 கிலோவாட் தரும். சார்ஜர் தாங்குமானால் ராத்திரி இரண்டு மூன்று மணி நேரத்தில் காலி லித்தியம் பேட்டரி நிறைந்துவிடும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் ஊராக வண்டிகள் வந்து சேரும் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பஞ்சக்கரை யாத்ரி நிவாஸ் வாகன நிறுத்தத்தில் மீட்டர் வைத்த பாயின்ட் ஒரு பத்து போட்டுத் தர வேண்டும். யூனிட் கணக்குக்குக் காசு கொடுக்க எல்லோரும் தயாராகவே இருப்பார்கள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, பழனி வாகன நிறுத்தங்களிலும் இதையே செய்யலாம். சுற்றுலாத் துறையும் அறநிலையத் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு சீசனுக்குள் முடித்துவிடக்கூடிய வேலை.